உயிரோடிருப்பவளுக்கான அளவு

ஹுவே
30 ஜனவரி 2009

சா தெக் ஊரில் ரோஜா வளர்க்கும் திரு. லாம் அவர்களுக்கு,

நலம் விசாரிப்பது முறை. உங்கள் நலம் குறித்து எனக்குச் செய்தி வந்துவிட்டது. என் நலம் குறித்துத்தான் உங்கள் ஊரில் தவறான செய்தி உலவுவதாகத் தெரிகிறது.

சந்திரப் புத்தாண்டின் மூன்றாம் நாள், மாணவர்கள் ஆசிரியரைப் பார்க்க வரும் நாள் அல்லவா, வாசலில் தியெம் நின்றாள். என்னிடம் வேதியியல் படித்து, இப்போது தெற்கே மருந்துக் கடை வைத்திருப்பவள். ஒரு கையில் பம்பளிமாசுப் பழம், மறு கையில் ஊதுபத்திக் கட்டு. கதவைத் திறந்தது நான்தான் என்று கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர்... நீங்க போய்ட்டீங்கன்னு..."

"எங்கயும் போகல. மழைல நிக்காம உள்ள வா."

தேநீர் குடித்து முகத்தில் ரத்தம் ஊறிய பிறகு விவரம் சொன்னாள். சென்ற ஆண்டு பூ வாங்க உங்கள் ஊருக்கு வந்தவள், தன் ஆசிரியையின் கணவர் அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்திருக்கிறாள். முன்னோர் மேடையில் என் படம். அதன் முன்னே படையல். அக்கம்பக்கத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்களாம். என் திதிச் சாப்பாட்டை அவளும் சாப்பிட்டிருக்கிறாள். அரிசித்தாள் சுருள்கள் நன்றாக இருந்தனவாம். தொட்டுக்கொள்ள வைத்த வேர்க்கடலை சாஸைப் பற்றிக் கேட்டேன். தயங்கினாள். வற்புறுத்தினேன்.

"செங்கல் ஒட்டலாம் டீச்சர்."

அவள் போன பிறகு வெகுநேரம் சன்னலருகே இருந்தேன். மூன்று வாரமாகத் தூறல் நிற்கவில்லை. சுவரில் பாசி. தொலைபேசி ஒலித்து நாளாகிறது. ஆற்றில் போகும் படகின் ஓசை மட்டும் வருகிறது, படகு தெரிவதில்லை. ஒருவேளை நீங்கள் சொல்வதுதான் உண்மையோ என்று ஆராய்ந்தேன். இரு பக்கமும் சான்றுகள் பலவீனமாகவே இருந்தன.

உங்கள் அண்ணன் விட்டுச்சென்ற தோட்டத்தை ஒரு பருவம் மட்டும் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லித்தான் போனீர்கள். ஒன்பது ஆண்டுகள் நீளும் பருவம் எந்தத் தாவரவியல் நூலிலும் இல்லை. அதை நான் கேட்கவில்லை. இறந்ததற்கும் மறுப்பில்லை. என் பெயரால் செங்கல் ஒட்டும் பசை படைக்கப்படுவதற்கு மட்டும் விளக்கம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மறைந்த மனைவி
தோவா

---

சா தெக்
8 பிப்ரவரி 2009

அன்புள்ள தோவா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் படகில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே செடிகள் தண்ணீருக்கு மேல் மரச்சட்டங்களில் நிற்கின்றன. வரிசைகளுக்கு நடுவே படகில் போய்த்தான் நீர் ஊற்றுவோம். கடிதத்தை அங்கேயே படித்தேன். துடுப்புப் போட மறந்ததால் படகு தன் போக்கில் மிதந்து சாமந்திகளுக்குள் முட்டி நின்றது. திரும்ப ஒருமுறை படித்தேன். நீ அதே கோபத்தோடு நன்றாக இருக்கிறாய்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. வந்த புதிதில், பக்கத்துத் தோட்டத்துக்காரி, பிறந்த வரிசைப்படி ஊரே ஐந்தாம் அக்கா என்று கூப்பிடுகிறவள், மனைவி எங்கே என்று கேட்டாள். நான் ஆற்றைப் பார்த்தேன். மறுநாள் வாழைப்பழமும் ஊதுபத்தியும் வீடு தேடி வந்தன. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பிறகு திதி எந்த நாள் என்று கேட்டார்கள். ஹுவேயை விட்டுக் கிளம்பிய நாளைச் சொன்னேன், சந்திரக் கணக்கில் இரண்டாம் மாதம் இருபது. அன்று வாசலில் நீ சொன்னது உனக்கு நினைவிருக்கும். "இந்தப் படியத் தாண்டினா நான் செத்துட்டேன்னு வெச்சுக்குங்க." நான் தாண்டினேன்.

தெற்கத்திச் சமையல் என்றால் உனக்கு இளப்பம். ஆனால் இந்த சாஸை மட்டும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவாய். அதனால்தான் அதைப் படைக்கிறேன். படைக்கும் முன்னால் ருசிபார்க்கக் கூடாது என்பதால் கண்ணை நம்பியே செய்கிறேன். அடுப்பில் இருக்கும்போது குற்றமில்லை. ஊதுபத்தி எரிந்து தணிந்து, தட்டை மேடையிலிருந்து இறக்கும்போது அது சாந்தாகிவிட்டிருக்கும்.

திதியன்று இரவு ஒவ்வோர் ஆண்டும் நீ கனவில் வருகிறாய். சிவப்புக் குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டு உட்காருகிறாய். சுருளை எடுக்கிறாய். கிண்ணத்தைப் பார்க்கிறாய். தள்ளிவைக்கிறாய். காலையில் பார்த்தால் குடை இருந்த இடத்தில் தரை ஈரமாக இருக்கும். கூரை ஒழுகுகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஈரத்தை நான் துடைப்பதில்லை.

அந்த சாஸை எப்படிச் செய்வது என்று எழுதுவாயா?

என்றும் உன்,
லாம்

---

ஹுவே
17 பிப்ரவரி 2009

திரு. லாம் அவர்களுக்கு,

கோபத்தில் ஒருத்தி ஒருமுறை சொன்னதை வைத்து முடிவுகட்டுவது ஆய்வு நெறியாகாது. ஒரே ஓர் இலையைப் பார்த்து மரத்துக்குப் பெயர் சூட்டாதீர்கள் என்று மாணவர்களைக் கண்டித்தவர் நீங்கள்.

இனி சாஸ். தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் நேரத்துக்குள் முடிகிற வேலை இது. பூண்டை நறுக்கி எண்ணெயில் சிறு தீயில் விடுங்கள். வைக்கோல் நிறம் வரும் முன்பே தூக்கிவிட வேண்டும், ஏனெனில் தீயை விட்டு இறங்கிய பிறகும் அது சிவந்துகொண்டே போகும். பிறகு இனிப்பான கறுப்புச் சோயா விழுது, அதில் பாதியளவு அரைத்த கடலை, சிட்டிகை சர்க்கரை, இளநீர். கலக்கிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் குமிழி வந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். பொடித்த வேர்க்கடலையும் மிளகாயும் உண்ணும்போதுதான் மேலே தூவப்படும், முன்னால் அல்ல.

உங்கள் பிழை கைப்பக்குவத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. கடலை ஆறும்போதும் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் அடுப்பில் இருக்கும் சாஸைப் பார்த்துத் திருப்தியடைகிறீர்கள். உண்பவர்களுக்கோ ஊதுபத்தி எரிந்து முடிந்த பிறகுதான் அது கிடைக்கிறது. ஆகவே இளநீரை விழுதைப் போல இரு மடங்கு ஊற்றுங்கள். பார்ப்பதற்குக் கெட்டுப்போனது போல நீர்க்க இருக்கும். அஞ்ச வேண்டாம். மேடையில் இருக்கும் நேரத்தில் அது தானே பதத்துக்கு வந்து சேரும்.

நேற்று மதியம் கண்ணயர்ந்தேன். மழை நின்றிருந்தது. வீடெங்கும் யாரோ பூண்டு தாளிக்கும் வாசனை. எழுந்து சமையலறைக்குப் போனேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது, ஆனால் வாசனை போகவில்லை. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. விளக்கம் இல்லாதவற்றை நான் விரும்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இறந்தவளோடு யாரும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்வதில்லை. வரும் இரண்டாம் சந்திர மாதம் இருபதாம் நாள் என் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினீர்களானால், அது முடிந்த கதையாக இருக்கட்டும். நீங்கள் எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன். ஏற்றாவிட்டால் எழுதுங்கள். செய்முறையை எப்படியும் வைத்துக்கொள்ளலாம். அந்த மேடையில் நிரந்தரமாக உட்காரப்போகிறேன் என்றால், என் முன்னால் வைக்கப்படுவது சரியான பதத்தில் இருப்பது நல்லது.

தோவா

---

சா தெக்
18 மார்ச் 2009

அன்புள்ள தோவா,

எழுதுகிறேன். அதிலிருந்தே உனக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் முழுவதும் சொல்ல ஆசை.

நேற்று முன்தினம் காலை வரை எனக்கே தெரியவில்லை. எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஐந்தாம் அக்கா இறால் அவித்துக் கொண்டுவந்தாள். படகுத்துறை மூத்தவர் ஹாப் தன் நல்ல சட்டையில் வந்தார். நீ எழுதியபடியே சாஸ் செய்தேன். தண்ணீராய் ஆடியது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் உன் வீட்டுக்காரிக்கு ரசம் வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். தட்டை மேடையில் வைத்தேன். எல்லோரும் பின்னால் நின்றார்கள். வெளியே பனிமூட்டம் பூக்களின் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. படகில் போகிறவர்களின் தலைகள் மட்டும் மலர்களின் மேல் நகர்ந்தன. தீக்குச்சியைக் கிழித்தேன். நீ படத்திலிருந்து என்னைப் பார்த்தாய், விடைத்தாளில் பிழையைக் கண்டுபிடித்தவள் போல.

குச்சி விரல் வரை எரிந்தது. ஊதி அணைத்தேன். உணவுக்குச்சியைக் கிண்ணத்தில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

ஐந்தாம் அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்னய்யா பண்றே? அவ சாப்பிடறதுக்கு முன்னாடி நீ வாய் வெக்கறே?"

"அவ சாகலக்கா. ஹுவேல இருக்கா. என்மேல கோவமா இருக்கா."

"அப்ப இத்தன வருஷமா நாங்க யாருக்குய்யா அழுதோம்?"

அவள் மூலைக்குப் போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். உன்னை அவளுக்குப் பிடித்திருந்தது, தோவா. தோட்டத்தில் புழு விழுந்தால் உன் படத்திடம் வந்து முறையிடுவாள். ஹாப் பெரியவர்தான் முதலில் பேசினார்.

"கோவக்காரின்னு மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க நம்பியிருப்போமே. இதுக்குப் போயி சாகடிக்கணுமா?"

சிரித்துவிட்டோம். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் தட்டை அவள்தான் இறக்கினாள். ஊதுபத்திக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனதால் உடனே உட்கார்ந்தோம். சாஸ் ஆறவில்லை, இறுகவும் இல்லை. சுருளைத் தொட்டால் முழங்கை வரை வழிந்தது. இறந்தவளுக்கென்று நீ கொடுத்த அளவு உயிரோடிருப்பவளுக்குப் பொருந்தவில்லை. ஆனால் ருசி இருந்தது. அவர்கள் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார்கள்.

படத்தை இறக்கிவிட்டேன். சுவரில் வெளுத்த சதுரம் ஒன்று இருக்கிறது. இரவு நீ கனவில் வரவில்லை. விடியும் வரை விழித்தே கிடந்தேன்.

இங்கே வந்து சில நாள் இருப்பாயா? நான் வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கத் துணிவில்லை. அந்தப் படியை உள்நோக்கித் தாண்ட உன் அனுமதி வேண்டும்.

என்றும் உன்,
லாம்

---

ஹுவே
27 மார்ச் 2009

லாமுக்கு,

உயிரோடிருப்பவளுக்கான அளவு: விழுது எவ்வளவோ அவ்வளவே இளநீர். நேற்று என் சமையலறையில் செய்து பார்த்துவிட்டே எழுதுகிறேன். கரண்டியைத் தூக்கினால் நூலாக இறங்கி, மேற்பரப்பில் ஒரு கணம் கோடாக நின்று மறைய வேண்டும். செய்த உடனே சாப்பிட வேண்டும். நான் நின்றபடியே சாப்பிட்டேன். மழை முடிந்து மஞ்சள் வெயில் முற்றத்தில் ஏறியிருந்தது. பாசிச் சுவரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வீடே மெல்ல எங்கோ மிதந்து போவது போலத் தோன்றியது. கிண்ணத்தை வழித்தேனா என்பது உங்களுக்குத் தேவையற்ற தகவல்.

நீங்கள் இங்கே வர வேண்டாம். ரோஜாக்களை அந்தரத்தில் விட்டுவிட்டு வருபவரை நான் மதிக்க மாட்டேன். நான் வருகிறேன். ஏப்ரல் பத்து, வெள்ளிக்கிழமை பிற்பகல். சைகோன் வரை ரயில், பிறகு பேருந்து. திரும்பி வருவதற்குச் சீட்டு எடுக்கவில்லை. இதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டாம், ரயில் நிலையத்தில் சீட்டு கொடுக்கும் எழுத்தர் மரியாதை தெரியாதவர், அவ்வளவுதான்.

கூரையைச் செப்பனிடுங்கள்.

ஐந்தாம் அக்காவுக்கு ஒரு செய்தி. அழுததற்கு நன்றி. என் மாணவர்களில் எத்தனை பேர் அழுதிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. புழுவுக்கு வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லுங்கள். படத்திடம் கேட்டதற்குப் பதில் தர இவ்வளவு காலதாமதமானதற்கு வருந்துகிறேன்.

செத்துப் பிழைத்தவளின் கை சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ஊரே வரும் என்பதை அறிவேன். அனுமதிக்கிறேன். படகுத்துறையில் வரிசையாக வரட்டும், ஆளுக்கு ஒரு நிமிடம். நீங்கள் கடைசியில் நில்லுங்கள்.

கடைசி ஆளுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை.

தோவா