டாக்டரிடம் நீ சொன்ன ‘இல்லை’

என் தங்கமான அக்காவுக்கு,

நீ போன பிறகு நான் யாரோடும் சண்டை போடவில்லை. போட வேண்டியது உன்னோடுதான். இப்போதாவது கேட்டுக்கொள்.

உன் காரியமெல்லாம் முடிந்த அடுத்த வாரம், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வீடு தேடி வந்தாள். "பெரிய அக்கா எங்க? இந்த மாச மாத்திர வாங்க வரல்லியே?" என்றாள். என்ன மாத்திரை என்று கேட்டேன். உன் படத்தில் கிடந்த மாலையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் சொன்னாள், தொழுநோய்க்கு என்று.

ஒரே வீட்டில் ஒரே பாயில் கிடந்தோம், கல்யாணமே வேண்டாமென்ற நீயும் கட்டியவனை இழந்த நானும். உன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்தவள் நான். தோளில் வெளிறிக் கிடந்த படையைக் கேட்டபோது, "அண்டி எண்ணெ தெறிச்சதாக்கும் மக்கா" என்றாய். அண்டி ஆபீஸில் வருஷக்கணக்காக முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் எண்ணெய் பட்டுக் கை வெந்தவள் சொன்னால் நம்பாமல் இருப்பேனா? முகம் கறுத்தபோதும் அதையே சொன்னாய். அது அந்த நோய்க்கான மருந்தால் கறுத்ததாம், மருந்து முடிந்தால் மெல்ல மாறிவிடுமாம், நர்ஸ் சொன்னாள்.

பிறகு காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, சொறிச்சல். கண் மஞ்சளானதும் மஞ்சள்காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கித் தந்தேன். முகம் சுளிக்காமல் குடித்தாய். எனக்குத் தெரியாமல் அந்த மாத்திரையையும் விழுங்கியிருக்கிறாய். கோட்டாற்று டாக்டர் கேட்டாரே, "வேற மாத்திர ஏதாவது சாப்பிடுதியளா?" என்று. நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு "இல்ல" என்றாய். நானும் பக்கத்தில் நின்று, "தலவலிக்குக்கூட மாத்திர போடமாட்டா சார்" என்றேன். உன் பொய்க்கு என்னை ஏன் சாட்சியாக்கினாய்?

அந்த மருந்துகளில் ஒன்று உனக்கு ஒத்துக்கொள்ளாமல் ஈரலைக் கெடுத்துவிட்டதாம். "எல்லாருக்கும் இப்பிடி வராது. சொறிச்சலோ மஞ்சளோ கண்டா நிறுத்திட்டு ஓடி வரணும்னு சொல்லித்தான் குடுத்தேன்" என்று நர்ஸ் அழுதாள். நீ ஓடவில்லை. ஓடினால் நானும் கூட வருவேன், எனக்குத் தெரிந்துவிடும். "தங்கச்சிக்குத் தெரிஞ்சா என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டா" என்று அவளிடம் சொன்னாயாமே.

அக்கா, அது யாரைப் பற்றிச் சொன்னாய்? நான் எப்போது அப்படி இருந்தேன்? நோயை மறைத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நான் இப்படிப்பட்டவள் என்று நீயே முடிவு கட்டிக்கொண்டு செத்துப்போனாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, உன்னோடு வேலை பார்த்த லில்லி துக்கம் கேட்க வந்தாள். பால் விடாமல் கொதிக்கக் கொதிக்கக் கட்டங்காப்பி கொடுத்தேன். டம்ளரை இறுக்கிப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். சுடவில்லையா என்று கேட்டேன். "அண்டி எண்ணெ பட்டு கை மரத்துப் போச்சு" என்றாள். நீ சொன்ன அதே அண்டி எண்ணெ; இந்த நோயில் கை மரத்துப்போகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். உனக்கு என்ன நோய், எதனால் செத்தாய், எப்படி மறைத்தாய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "இனி நான் ஒன் வீட்டுக்கு வரலாமா ஏட்டி?" என்றாள். அந்த டம்ளரை எடுத்து, அவள் மீதி வைத்த காப்பியை நான் குடித்தேன்.

உனக்கும் இதைத்தான் செய்திருப்பேன். அவள் கேட்டாள். நீ ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கலாமே?

புதன்கிழமை அவளை நர்ஸிடம் கூட்டிப் போகிறேன். அந்த நோயாகவே இருந்தால், மருந்து முடியும்வரை தினமும் அவள் கண்ணை விரித்துப் பார்ப்பேன். மஞ்சள் தட்டினால் நானே இழுத்துக்கொண்டு ஓடுவேன். உன் ரகசியத்தை மட்டும் காப்பாற்ற மாட்டேன். அண்டி ஆபீஸ் வாசலில் நின்று உன் பேரைச் சொல்லியே எல்லாவற்றையும் சொல்வேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், எனக்கு இருப்பதைவிட அது பெரிதில்லை.

கூடப் பிறந்தும் உனக்கு அந்நியமாய்ப் போன தங்கை,
ராஜம்