அன்று ஒரு சீட், இன்று இரண்டு

ஜூலை 14, திங்கள்.

அந்தமான் போகும் விமானப்படை விமானத்தில் இடம் மிஞ்சினால்தான் எங்களைப் போன்ற பழைய பட்டாளத்துக் குடும்பங்களுக்குத் தருவார்கள். போன வாரம் ஒரே ஒரு சீட் மிஞ்சியது. அங்கே மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே குழந்தை பிறந்திருந்தது. "ஏட்டி, நீ மட்டுமாவது போ. பிள்ள அங்கன தனியா கெடக்கா," என்றார் இவர். "நீங்களும் வந்தாத்தான் போவேன். பிளேன்ல தனியாப் போக எனக்குப் பயமாருக்கு," என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை குழந்தை போய்விட்டது. ஒரு தடவைகூட அதை நான் தூக்கவில்லை.

இன்று காலையில் போன் வந்தது. புதன்கிழமை இரண்டு சீட் இருக்கிறதாம். "சரி சார், ரெண்டு பேரும் வாரோம்," என்றார் இவர். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம், போன வாரம் இரண்டு சீட்டை எதிர்பார்த்துக் கட்டிவைத்த பையைப் பிரித்தேன். ஆளுக்குப் பத்துக் கிலோதான் கொண்டுபோகலாம் என்று அன்று தேங்காய்க் கடைத் தராசில் வைத்துப் பார்த்து, என் சேலைகளை வெளியே எடுத்திருந்தோம். துணித் தொட்டில், கிழித்து வைத்த வேட்டித் துணி, வசம்பு வளையல், குற்றாலச் சாரலில் காயாமல் ஃபேனுக்கடியில் காயவைத்த குட்டிச் சட்டைகள், எல்லாவற்றையும் எடுத்து பீரோவுக்குள் வைத்தேன்.

இப்போது எல்லாச் சேலைக்கும் இடம் இருக்கிறது.