யாரும் நடக்காத பாதை

அக்தெரெக் கிராமம்
அக்டோபர், வெள்ளிக்கிழமை

அன்புள்ள புருல் அக்காவுக்கு,

இன்று காலை எல்லைப் பேச்சுவார்த்தையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். வறண்ட ஓடைக்குள் இறங்கி ஏறும் பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை என்று உங்கள் நாட்டு அதிகாரி உஸ்பெக் மொழியில் சொன்னார். அதை அப்படியே கிர்கிஸ் மொழியில் எங்கள் பக்கத்துக்குச் சொன்னேன். என் அக்கா அந்த வழியாகத்தான் அப்பாவைப் பார்க்க வருவாள் என்று சொல்லவில்லை. மொழிபெயர்ப்பவளுக்குச் சொந்தமாக ஒரு வாக்கியமும் கிடையாது.

நீயும் மச்சானும் குழந்தைகளும் நலமென்று சந்தை அனுமதிச் சீட்டோடு எல்லை தாண்டிப் போய்வரும் முகர்ரம் அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ அனுப்பிய உலர்ந்த பாதாமிப் பழம் வந்து சேர்ந்தது. அப்பாவால் மெல்ல முடியவில்லை. வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை மட்டும் கொடுக்கிறேன். மூச்சு இழுப்பு கூடியிருக்கிறது. மருத்துவர் ஊசி எழுதிக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். வாசலில் சத்தம் கேட்டால் அப்பா தலையைத் தூக்குகிறார். "யாருன்னு பாரு, உங்க அக்காவா இருக்கும்" என்கிறார். நான் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பார்க்காமலே சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

கோடையில் மலைவழியாகத் துப்பாக்கிக்காரர்கள் வந்துபோனதிலிருந்து இரண்டு அரசாங்கங்களுக்கும் எல்லாப் பாதையும் அவர்கள் வந்த பாதையாகவே தெரிகிறது. அதற்காகத்தான் நகராட்சி மண்டபத்தில் இந்தப் பேச்சுவார்த்தை. எங்கள் குழுவுக்குத் தலைவர் சகின்பேக். உங்கள் பக்கம் ஹைதரலி என்பவர். இருவரும் மாஸ்கோவில் ஒரே விடுதி அறையில் இருந்து படித்தவர்களாம். ரஷ்ய மொழியில் இருவரும் எங்களைவிட நன்றாகப் பேசுவார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியும். சந்தைக்குப் போகிற யாருக்குத்தான் புரியாது? ஆனால் இப்போது இரண்டும் வேறு வேறு நாடு; தனி நாடு என்றால் தன் மொழியில்தான் பேச வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆகவே இருவருக்கும் புரியாதது போல் ஓர் ஏற்பாடு, நடுவில் நான்.

ஹைதரலி வேடிக்கையாக ஏதாவது சொன்னால் சகின்பேக்குக்கு உதடு துடிக்கும். நான் சொல்லி முடிக்கும்வரை அடக்கிக்கொண்டிருந்து, அதன் பிறகு சிரிப்பார். மதியச் சாப்பாட்டில் மட்டும் கொடிகளை மறந்துவிட்டு ரஷ்ய மொழிக்குத் தாவினார்கள். "நீ இன்னும் உருளைக்கிழங்கைக் கருக்கித்தான் தின்கிறாயா" என்பதில் ஆரம்பித்தது. பிறகு ஹைதரலி, கடலும் இல்லை, கப்பலும் இல்லை, சண்டை போட நமக்குக் கிடைத்தது ஒரு காய்ந்த ஓடைதான் என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கையில் ரொட்டித் துண்டு இருந்தது, வாயில் வைக்க முடியவில்லை. அந்த மண்டபத்தில் இருபது பேர் இருந்தார்கள். அவ்வளவு தனியாக நான் வீட்டில்கூட இருந்ததில்லை.

நான் படித்த புத்தகங்களில் எல்லைகள் பெரிய ஆறுகளோடும் மலைமுகடுகளோடும் ஓடும். நம் எல்லை ஒரே கூட்டுப்பண்ணையின் ஆப்பிள் தோட்டத்துக்கும் பருத்திக் கிடங்குக்கும் நடுவில் ஓடுகிறது. நீ கல்யாணமாகிப் போனபோது இரண்டு கரையும் ஒரே நாடு; ஓடையைத் தாண்டினாய், அவ்வளவுதான். வெளிநாட்டுக்குப் போகிறாய் என்று யாரும் சொல்லவில்லை.

மதியத்துக்குப் பிறகு விஷயம் முடிவுக்கு வந்தது. பாதை நெடுகிலும் நிலம் "பாதுகாக்கப்படும்" என்றார் ஹைதரலி. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கண்ணிவெடி என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். சகின்பேக் கிர்கிஸ் மொழியில் சொன்னது ஒரே வாக்கியம்: "எங்கள் தரப்புக்கு ஆட்சேபம் இல்லை."

அதை நான் உஸ்பெக்கில் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். "ஆனால் அந்தப் பாதையில் மக்கள் நடக்கிறார்கள். பெண்கள் நடக்கிறார்கள்" என்று அதே குரலில், அதே வேகத்தில் சேர்த்துச் சொன்னேன்.

நான் சேர்த்துச் சொன்னது அத்தனை பேருக்கும் புரிந்தது. சகின்பேக் பேனாவை மூடினார், திறந்தார். என்னைத் திருத்த வேண்டுமானால் தனக்கு உஸ்பெக் தெரியும் என்று அவர் பதிவேட்டில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை அவரால் செய்ய முடியாது. தனக்குக் கிர்கிஸ் புரிந்தது என்று ஹைதரலியாலும் சொல்ல முடியாது. காலையிலிருந்து அவர்கள் கட்டிக் காத்த பாசாங்கு இப்போது என்னைக் காத்தது.

ஹைதரலி என்னைப் பார்த்தார். பிறகு சகின்பேக்கிடம் கேட்பது போல, அப்படி நடப்பவர்களுக்கு உங்கள் தரப்பு என்ன யோசனை சொல்கிறது என்று கேட்டார். அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கிர்கிஸ் மொழியில் சொன்னேன். சகின்பேக் மேசையைப் பார்த்தபடி, முன்னதாக மக்களுக்குத் தெரிவித்துவிடலாம் என்றார். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி ஏறியது. அவ்வளவுதான் நடந்தது, அக்கா. பாதை தப்பவில்லை.

கிளம்பும்போது ஹைதரலி கோட்டு மாட்டும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாக, உஸ்பெக்கில்தான் கேட்டார்.

"அந்தப் பாதையில உனக்கு யாரும்மா?"

"அக்கா."

"அவளை வர வேண்டாம்னு சொல்லு. அறிவிப்புப் பலகைக்காகக் காத்திருக்காதே. பலகை எப்பவும் பின்னாலதான் வரும்."

சகின்பேக் காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி, "நாளையிலேர்ந்து நாங்க ரஷ்யப் பாஷையிலேயே பேசிக்கிறோம் தங்கச்சி. நீ வீட்ல அப்பாவைப் பாத்துக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேலை போய்விட்டது.

அப்பாவைப் பார்க்க அடுத்த வாரம் ஓடை வழியாக வந்துவிடுவேன் என்று நீ முகர்ரம் அத்தையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். எல்லைச் சாவடியின் பெரிய வாசலில் உன்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நீ அந்த வாசலைத் தாண்டத் தேவையான அழைப்புக் கடிதத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன். முத்திரை விழ ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு மாதம் இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்கவில்லை.

நம் வழக்கத்தில் தகப்பன் போனால் மகள்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்ல வேண்டும். உன் குரல் கனமானது, நீதான் முதலில் எடுப்பாய். எனக்கு அடுத்த வரி மட்டும்தான் தெரியும். இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்காதே.

நம் மாடியிலிருந்து பார்த்தால் உன் வீட்டுப் பாப்லர் மரங்கள் தெரிகின்றன. இலை உதிர்ந்துவிட்டதால் உன் ஜன்னலும் தெரிகிறது. அப்பாவிடம் நீ வருகிறாய் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொய்யை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வராதே. பனி பெய்து பாதை வெறுமையாக, ஒன்றுமே புதைக்காதது போல் தெரிந்தாலும் வராதே. குழந்தைகளை ஓடைப்பக்கம் மாடு ஓட்ட அனுப்பாதே. உன் கால்கள் இரண்டும் நல்லபடி இருக்கட்டும், அக்கா. உன்னைத் திரும்பப் பார்க்கும் நாள் எனக்கு வாய்க்கட்டும்.

உன் தங்கை
சல்தனத்


நவம்பர்

அக்கா,

இதையும் முகர்ரம் அத்தையிடம்தான் கொடுக்கிறேன். அப்பா வியாழக்கிழமை விடியலில் போய்விட்டார். சுவரைப் பார்த்து நான் மட்டும் உட்கார்ந்தேன். முதல் வரியை எடுக்கத் தெரியாமல் அடுத்த வரியிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்; சத்தம் எதிர்க்கரைவரை கேட்டிருக்கும். அன்று எதிர்க்கரையில் ஒரு பெண் ஓடைக்கு முதுகைக் காட்டி, தன் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி மாலைவரை உட்கார்ந்திருந்ததாக, அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள்.

அறிவிப்புப் பலகை சனிக்கிழமை வந்தது.

சல்தனத்