புதன்கிழமை ஏழரை மணிக்கு வருகிறவள்

ஃபர்வானியா, குவைத்
11-2-1976

அன்புள்ள அப்பாவுக்கு ஜலஜாவின் வணக்கம்.

கம்பெனி எனக்குத் தனி ஃபிளாட் ஒதுக்கிவிட்டது. மேனேஜர் ஹபீப் முகம்மது சாரே இன்று காலை உத்தரவைக் காட்டினார். ஓர் அறை, சமையலறை. ஆபீஸுக்கு நடந்தே போகலாம். கல்யாணமாகாத பெண் என்பதால் தகப்பனாரின் சம்மதக் கடிதம் ஏப்ரல் பதினைந்துக்குள் வேண்டுமாம். இல்லையென்றால் வேறொருவருக்குப் போய்விடும்.

உமாபதி அண்ணா வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்று வருஷமாக ஹாலில் படுக்கிறேன். வந்தவர்கள் எழுந்து போனால்தான் பாயை விரிக்கலாம்.

புதன்கிழமை ஏழரைக்கு ஒருத்தியைத் தவறாமல் பார்க்கிறேன். என் வயதுதான், முப்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. செய்தி நிலையத்தில் வேலை, தனி ஜாகை. போன வாரம் ஆட்களை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்துவிட்டாள்! அவளைப் பார்த்தால் தைரியம் வருகிறது.

சம்மதம் கேட்டு நிற்கும்,
ஜலஜா

கும்பகோணம்
25-2-1976

அன்பு மகள் ஜலஜாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ தனியாக இருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அம்மா ஒரு வழி சொன்னாள். "அந்தப் பொண்ணும் தனியாத்தானே இருக்கா? ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கட்டுமே. அடுப்பு மூட்டக்கூட மறந்துடறவளுக்கு யாரு இருக்கா, பாவம்."

அவளை உன் ஃபிளாட்டுக்கு அழைத்துக்கொள். அவள் வருகிறாள் என்று எழுது, கையெழுத்துப் போடுகிறேன். லீவு முடிந்து குவைத் திரும்பும் நூஹுவிடம் புளிக்காய்ச்சல் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறோம். ஒன்று அவளுக்கு.

உன் நலம் வேண்டும்,
அப்பா

ஃபர்வானியா
14-3-1976

அப்பா,

பாட்டில்கள் உடையாமல் வந்தன.

அவள் டெலிவிஷன் தொடரில் வருகிறவள். அமெரிக்கக்காரி. அண்ணா வீட்டுப் பெட்டியில் வாரம் அரைமணி நேரம் வருவாள். நம் ஊரில் டெலிவிஷன் இல்லை என்பதை மறந்து, பக்கத்து வீட்டுக்காரியைப் போல எழுதிவிட்டேன்.

"வர்றான்னு எழுதிடு ஜலஜா, யாரு வந்து தலையை எண்ணப் போறாங்க?" என்றார் பத்மா அண்ணி. இரண்டு நாள் யோசித்தேன். எழுத மனம் வரவில்லை.

ஃபிளாட்டில் நான் ஒருத்திதான் இருப்பேன், அப்பா. அப்படி இருக்கத்தான் ஆசைப்படுகிறேன். யாரையும் துணைக்குக் காட்டாமல் முதலிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஜலஜா

கும்பகோணம்
27-3-1976

அன்பு மகளுக்கு,

சம்மதக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்று காலை பத்து மணிக்கு, என் கையால்.

முப்பத்திரண்டு வருஷம் சார்பதிவாளராக இருந்தவன்; ஆள் நேரில் வராமல் ஒரு பத்திரம் பதிந்ததில்லை. அந்த டெலிவிஷன்காரியை மட்டும் விசாரிக்காமல் நம்பிவிட்டேன். "அந்த ரெண்டாவது பாட்டிலை யாரு தின்னா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள் உன் அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை நம்பி உன்னை விடத் தயாராக இருந்தேன். உன்னை நம்பி விட, நீ இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அதை அம்மாதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "நான் வேண்டாம்னு சொல்லலையே, யோசிக்கிறேன்" என்கிறாள். என் பேனாவை மட்டும் எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். செவ்வாய்க்குள் போட்டுவிடுவாள். புதன்கிழமை முதல் தபாலில் சேர்த்தால், ஏப்ரல் பதினொன்றுக்குள் உன் கைக்கு வர வேண்டும்.

அப்பா