அந்தக் கரைக்கு என் மகன் பெயர் வேண்டாம்

அனுப்புநர்:
எபோ எசில்ஃபி,
வள்ளக்காரர் குடியிருப்பு, எசிமா,
மேற்கு மண்டலம், கானா.

பெறுநர்:
மாவட்டச் சுற்றுலா அலுவலர் அவர்கள், எசிமா.

பொருள்: முனைக்குக் கிழக்கேயுள்ள கரைக்குப் பழைய பெயரையே எழுதி வைக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, என் மருமகள் எசி எழுதுகிறாள்.

2. எங்கள் முனைக்கு மேற்கே, அம்போசா ஊர்ப் பக்கம், கைக்குழந்தையைக்கூடக் குளிப்பாட்டலாம். கிழக்கே கழிமுகம். மேலே பார்த்தால் அலையே இருக்காது. அடிநீர் ஆளை இழுத்துப் பாறைக்கு வெளியே கொண்டுபோய்விடும். அதனால் அந்தக் கரைக்கு எங்கள் பேச்சில் 'திருப்பித் தராதவள்' என்று பெயர். என் சித்தப்பா குவெசியை எடுத்தது அதுதான். புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியாரையும், வெள்ளைச் சட்டையோடு எடுத்தது.

3. அங்கே சுற்றுலா விடுதி வந்தபின் தங்கள் அலுவலகம் அந்தப் பெயர் எழுதிய பலகையைப் பிடுங்கிவிட்டு 'நிலாக்கரை' என்று எழுதி நட்டது. நேரில் வந்து முறையிட்டேன். அப்போதிருந்த அலுவலர், "பெரியவரே, அந்தப் பேரைப் பார்த்தா எவன் இறங்கிக் குளிப்பான்?" என்றார். "குளிக்கக் கூடாதுன்னுதானே ஐயா வெச்சிருக்கு" என்றேன். சிரித்தார். மரியாதையாகத்தான் அனுப்பி வைத்தார்.

4. போன ஆகஸ்டில் குமாசியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து, அந்தக் கரையில் குளிக்க இறங்கினார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று நாங்கள் கடலில் இறங்குவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. வள்ளமெல்லாம் மேட்டில் கிடந்தது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் மகன் ஃபீஃபி கூச்சல் கேட்டதும் காலி மண்ணெண்ணெய் கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினான். ஒரு பெண்ணைக் கரைசேர்த்தான். இன்னொரு பையனுக்காகத் திரும்பிப் போனான். ஃபீஃபியின் உடல் அம்போசாவில் ஒதுங்கியது. அந்தப் பையன் இன்றுவரை கிடைக்கவில்லை.

5. இப்போது அவன் நினைவாக அதற்கு 'ஃபீஃபி கரை' என்று பெயர் சூட்டி, ஈஸ்டர் விடுமுறைக்கு முன் விழா நடத்தி, எனக்கு மரியாதைத் துணி போர்த்துவதாகக் கடிதம் அனுப்பியுள்ளீர்கள். தங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் ஐயா, அவன் சிரித்த முகக்காரன். அவன் பெயரைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள், நம்பி இறங்குவார்கள். இதை எழுதும்போதே அவன் மனைவி எசி கேட்கிறாள்: "நாளைக்கு ரேடியோல 'ஃபீஃபியில் மூணு பேர் மூழ்கி சாவு'ன்னு சொல்லுவான். எம் பிள்ளைங்க அதைக் கேட்டுக்கிட்டுச் சோறு திங்கணுமா மாமா?"

6. ஆகையால் விழாவை நிறுத்தி, பழைய பெயரையே பெரிய எழுத்தில், பேருந்து நிற்கும் இடத்திலேயே எழுதி நடுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அது அழகான பெயர் இல்லை என்பது எனக்கும் தெரியும். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு எங்களைத் திட்டிக்கொண்டே அம்போசாவுக்குப் போகட்டும்.

இடம்: எசிமா
நாள்: மார்ச் 9

இப்படிக்கு,
எபோ எசில்ஃபி
(இடது பெருவிரல் ரேகை)