அய்யா நிரை

நல்லம்பள்ளிப் பக்கம்,
3-10-1941

பள்ளிக்கூட டெபுடி இன்ஸ்பெக்டர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காகிதத்தை எடுத்தேன். பி.ஏ. படித்து வந்த என்னை விட்டுவிட்டு, வாத்தியார் டிரெயினிங் மட்டும் முடித்த சவுரியப்பனை எங்கள் ஊர்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போட்டபோதுகூட நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோடும் பேசவில்லை. மூன்று வருஷமாயிற்று. என் மைத்துனன் கிருஷ்ணப்பன் அவருக்கு மாலை போட்டான். அவனோடும் பேச்சில்லை.

சென்ற ஆடி மாதம் தங்களுக்குக் கையெழுத்தில்லாத மனு ஒன்று வந்திருக்கும். இயற்கைப் பாடம் என்ற பெயரில் சவுரியப்பன் வெள்ளிக்கிழமைதோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் புன்செய்க் கொல்லைகளுக்கு ஓட்டிப்போகிறார், குடியானவர்களுக்குச் சம்பளமில்லாத ஆள் பிடித்துக் கொடுக்கிறார், விவரம் தெரியாத பிள்ளைகள் பயிரை நாசம் செய்கின்றன என்று அதில் இருக்கும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மனுவுக்கு ஒரு மாதமாகப் பதில் வராததால், நேரில் பார்த்துச் சாட்சி சேர்க்கலாம் என்று ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை குடையும் நோட்டுப் புத்தகமுமாகப் போனேன். பிள்ளைகள் அன்று வந்திருந்தது என் கொல்லைக்கே. மாது என்பவன் விளைச்சலில் பங்கு பேசி அதை வாரத்துக்கு உழுகிறான். கேழ்வரகு நட்டு மூன்று வாரம். மாதுவின் பெண்சாதி பெரியம்மாள் முன்னால் நின்று களையெடுப்பை நடத்தினாள். பிள்ளைகள் ஆளுக்கொரு நிரை பிடித்து, அந்தப் பயிர்வரிசையில் குனிந்திருந்தார்கள். வாத்தியாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு நிரையில் இருந்தார்.

நான் வரப்பில் நின்று எழுத ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துப் பழக்கம் தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். களையெடுக்கும்போது வரப்பில் யாரும் சும்மா நிற்கக்கூடாது. வந்தவர் யாரானாலும் ஒரு நிரை பிடித்துக் கடைசிவரை போயாக வேண்டும். பெரியம்மாள் நிமிராமலே சொன்னாள்: "நெலத்துக்காரருன்னா என்னங்க, நெறை நெறைதானுங்க. கொடைய வெச்சுப்புட்டு எறங்குங்க."

பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கினேன்.

கேழ்வரகைப் போலவே ஒரு புல் அதனூடே முளைக்கும். நான் தாவரசாஸ்திரம் படித்தவன். கல்லூரியில் பரிசு வாங்கியவன். வேகமாகவே பிடுங்கினேன். பக்கத்து நிரையில் பாஞ்சாலி என்று பத்து வயதுப் பெண். கொஞ்சநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அய்யா, களைய வுட்டுட்டுப் பயிரப் புடுங்கறீங்க" என்றாள்.

பதினான்கு நாற்று, அய்யா. என் நிலத்தில், என் கையால். புல்லின் அடித்தண்டு வெளுத்துத் தட்டையாக இருக்கும், தொட்டாலே தெரியும் என்று அவள் காட்டினாள். எனக்கு அது புத்தகத்தில் இருந்ததாகவும் ஞாபகம். இவர் பிடுங்கியதைத் திரும்ப நட இன்னொரு ஆள் வைக்க வேண்டுமே என்று பெரியம்மாள் மாதுவிடம் சொல்ல, கொல்லையே சிரித்தது. சவுரியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பிடுங்கியவற்றைப் பொறுக்கி, பிள்ளைகளை ஈரமண் குழைக்கச் சொல்லி, வந்த இடத்திலேயே திரும்ப நடவைத்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினார். "மழை இருக்குங்க. பொழச்சுக்கும்."

அந்த நிரைக்குப் பிள்ளைகள் 'அய்யா நிரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் வந்து குச்சி வைத்து உயரம் அளந்து, அடியிலிருந்து எத்தனை தூர் வெடித்திருக்கிறது என்று எண்ணி, ஒரு நோட்டில் எழுதினார்கள். பதினொன்று பிழைத்தது. மூன்று போயிற்று. போனதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நானும் தற்செயலாக வருவதுபோல் ஒவ்வொரு வெள்ளியும் போய்வந்தேன். சொல்ல வெட்கமாயிருக்கிறது, வாரத்தில் மற்ற நாட்கள் எனக்கு நீளமாகத் தெரிந்தன.

இரண்டு வாரத்துக்கு முன் தங்கள் உத்தரவு வந்தது. மனுவை விசாரித்து முடியும்வரை பிள்ளைகள் வெளியே போகக்கூடாது, சவுரியப்பனை ஏன் மாற்றக்கூடாது என்று அவர் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். அவர் யாரையும் குறை சொல்லவில்லை என்று கேள்வி. நோட்டில் இரண்டு வெள்ளிக்கிழமை காலியாகக் கிடக்கிறது. உயரத்தை நான் அளந்து வைத்திருக்கிறேன். பாஞ்சாலியிடம் கொடுக்க வேண்டும்.

மனுவில் சொன்னது பொய். பிள்ளைகள் வேலை செய்தது அரைமணி. மீதி நேரமெல்லாம் கேள்வி. பயிரை நாசம் செய்தவன் ஒருவனே, அவன் பட்டதாரி.

சவுரியப்பனை மாற்றிவிடாதீர்கள். அய்ப்பசி பிறந்ததும் அறுப்பு. தாங்களே வந்து பாருங்கள். வரப்பில் மட்டும் நிற்காதீர்கள்.

கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். பெயரும் பட்டமும் போட்டால் பெரிய மனிதர் ஒருவர் வாத்தியாருக்காகப் பரிந்து பேசினார் என்று ஊரில் ஆகும். மனு எழுதியவன் வேறு எவனோ ஆகிவிடுவான். அந்த மனுவைத் தங்கள் காகிதக் கட்டிலிருந்து எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். அதே நீல மை, அதே கை. அதில் கையெழுத்து இல்லை. இதையும் அப்படியே தபாலில் போடுகிறேன்.