தேய்ப்பு மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டும்

என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்!

நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்துக்குத் தேய்ப்பு மிஷின் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால்தான் சூட்டுப்பலகை கீழே இறங்கும். இஸ்திரிப் பெட்டி பிடித்த பழக்கம் என்னை விடுமா? இடது பொத்தானை முழங்கையால் அமுக்கிக்கொண்டே துணியின் சுருக்கத்தை அதே கையால் நீவினேன். பலகை இறங்கிப் புறங்கையில் லேசாகச் சுட்டுவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

"பாட்டிம்மா, ஊருக்குக் கிளம்புறீங்களா?" என்று சூப்பர்வைசர் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சாகிறவரை மறக்காது.

"கட்டு பிரிச்சதும் இதே மிஷினை ஓட்டிக் காட்டுறேன், நின்னு பாருடா" என்றேன்.

"கை நடுங்குச்சுன்னா ஊருக்கு டிக்கெட்தான்" என்றான்.

வாய் தைரியமாகத்தான் பேசுகிறது. ஆனால் அந்த மிஷின் புஸ்ஸென்று ஆவி விட்டால் கை தானாகப் பின்னால் போகிறது.

ஒற்றைக் கையால் ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரியைக் கேட்கக் கூச்சம். தொளதொளவென்று நைட்டி இரண்டு அனுப்புங்கள். மருமகளிடம் காரணம் சொல்லாதீர்கள், "இந்த வயசுல போக வேண்டாம்னு அப்பவே சொன்னேன்" என்பாள்.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். இன்னும் ஒன்றுதான். நான் சைக்கிள் பழகியபோது "உன்னால ஆகாது" என்று தெருவே கேட்கச் சொன்னீர்கள். அதோடு நான் சைக்கிளைத் தொடவில்லை. இந்தத் தடவை, கட்டு பிரிக்கும் முன்பே, "உன்னால ஆகும்" என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டுக்காரி